வீட்டிற் கற்றார் கல்லாதவரோ?

விழா மலரொன்றில் எழுதப் புகுவோர் தாம் பயின்ற கல்லூரியின் பெருமையையும், ஆசிரியர்தம் அருமையையும், விளையாட்டிடத்துப் பெற்ற வெற்றிகளையும் எடுத்தோதுதல் வழக்கம். அவ்வழக்கம் நன்றே. அன்னையைப் புகழ்தல் மக்கட்குக் கடனன்றோ? ஆயினும் இம்மலரின்கண் யான் எடுத்துக்கொண்ட பொருள் சிறிது வேறுபட்டது. கல்லூரி வாயிலுக்கு வெளியே, வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் நிகழும் கல்வியைக் குறித்துச் சில கூற விரும்புகின்றேன். யான் எட்டு வயது முதற் பதினான்கு வயது வரை, ஆறாண்டுக் காலம் பள்ளிக்கூடஞ் செல்லாது வீட்டிலேயே கற்றவன். அதன்பின் இக்கல்லூரியிற் சேர்ந்து பயின்று, இன்று தமிழாசிரியனாய்ப் பணிபுரிபவன். ஆதலின், இரு பக்கத்தும் நின்று பார்த்தவன் என்னும் உரிமையோடு இதனை எழுதுகின்றேன்.

வீட்டிற் கற்றவன் என்று யான் கூறியவுடன், கேட்போர் முகத்தில் இரக்கமும் ஐயமும் ஒருங்கே தோன்றுதலைப் பன்முறை கண்டுள்ளேன். "அங்ஙனமாயின் நண்பர் எவருமின்றி வளர்ந்தீரோ?" என்பார் ஒருவர். "கற்பித்தவர் யார்? அவர்க்கு அத்தகுதி உண்டோ?" என்பார் மற்றொருவர். "விரும்பிய நேரத்தில் எழுந்து விரும்பியதைப் படித்திருப்பீர்" என நகைப்பார் வேறொருவர். இவை தீய எண்ணத்தாற் பிறக்கும் வினாக்கள் அல்ல. பள்ளிக்கூடமும் கல்வியும் ஒன்றே என்று நெடுங்காலம் எண்ணிப் பழகியமையாற் பிறப்பன. அவ்வெண்ணம் பிழைபட்டது என்பதே என் துணிபு. ஒரு பிள்ளையின்பால் அன்பும் ஒழுங்கும் உடைய ஒருவர் நாடோறும் செலுத்தும் கவனமே கல்விக்கு உயிராவது. அஃது உள்ளவிடத்து வீடும் பள்ளியாகும். அஃது இல்லாதவிடத்துப் பள்ளியும் வெறுங் கட்டடமாகும்.

முதற்கண், பள்ளிக்கு வெளியே கற்றல் நமக்குப் புதுமையன்று என்பதை நினைவுகூர்தல் வேண்டும். புன்னாலைக்கட்டுவனில் வாழ்ந்த சி. கணேசையர் (1878–1958) உயர்ந்த இலக்கண இலக்கியக் கல்வியை வகுப்பறையிற் பெற்றவரல்லர். வித்துவசிரோமணி பொன்னம்பலபிள்ளையிடத்தும், பின்னர்ச் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரிடத்தும் பாடங்கேட்டே பெற்றார். தொல்காப்பியத்துக்கு அவர் எழுதிய விளக்கக் குறிப்புக்களை இன்றும் தமிழ் கற்போர் எடுத்தாளுகின்றனர். அவர் எத்தனையாம் வகுப்பு வரை பள்ளியிற் பயின்றார் என வினவி அவரது புலமையை அளந்தார் எவருமிலர்.

மேனாடுகளில் வீட்டுக் கல்வியைப் பெற்றோர் தாமே விரும்பி மேற்கொள்ளுதலும் உண்டு. இங்கிலாந்தில் 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தக்க கல்வியளித்தல் பெற்றோர் கடன் என விதித்து, அக்கடனைப் பள்ளிக்கு அனுப்பியேனும் வேறு வகையானேனும் நிறைவேற்றலாம் என இடந்தந்தது. 1996 ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையே நிலைநிறுத்தியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜோன் ஹோல்ட் என்னும் ஆசிரியர், பள்ளிகளைத் திருத்த முயன்று மனஞ் சலித்தபின், வீட்டிற் கற்பிக்கும் பெற்றோர்க்கென 1977 இல் ஒரு செய்தியிதழ் தொடங்கினார். 1993 ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டத்துக்கு அமைந்ததாயிற்று. ஜேர்மனியோ இதனை ஏற்பதில்லை. அங்குப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றேயாதல் வேண்டும். நம் நாட்டில் 1997 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரை பள்ளி வரவைக் கட்டாயமாக்கின. 2016 இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. ஏழைப் பிள்ளையை வேலைத்தலத்தினின்றும் மீட்டு வகுப்பறைக்கு அழைத்து வருவது அவ்விதி. அதனை யான் பெரிதும் மதிக்கின்றேன். ஆதலின், பள்ளியை விடுத்து வீட்டிலிருமின் என்று எவர்க்கும் யான் கூறப் புகவில்லை. வீட்டிற் கற்க நேர்ந்தாரைக் கல்லாதவராகக் கருதற்க என்பதே என் வேண்டுகோள்.

என் வீட்டுக் கல்வி விருப்பத்தால் நேர்ந்ததன்று. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது, வலிகாமம் வடக்கிலிருந்த எம்மூரவர் இடம்பெயர்ந்தனர். யான் அப்போது மூன்றாம் ஆண்டு மாணவன். உடுவிற் பக்கத்தில் உறவினர் வளவொன்றில் ஒதுங்கினோம். அக்காலத்தே பள்ளிக்கூடங்கள் பல இடம்பெயர்ந்தோர் தங்கும் இடங்களாயின. எஞ்சியவற்றில் நெருக்கடி மிகுந்தது. வானூர்தியின் இரைச்சல் கேட்டவுடன் பிள்ளைகள் பதுங்குகுழி தேடி ஓடவேண்டியிருந்தது. எனக்கோ ஊரவர் முட்டு என்று வழங்கும் சுவாச நோய் இருந்தது. ஓடினால் மூச்சுத் திணறும். மருந்து கிடைப்பதும் அரிது. ஆகவே என் தாயார், "பிள்ளை இருந்தாலெல்லோ படிப்பு" என்று கூறி, என்னை வீட்டில் வைத்துக் கற்பிக்கத் துணிந்தார். அவர் க.பொ.த. சாதாரணதரம் வரை கற்றவர். அவர்க்குத் துணையாயினார் என் பாட்டனார். அவர் கமக்காரர், கோயிலிற் கந்தபுராணப் படிப்பு நிகழுங்காற் பயன் சொல்லும் வழக்கமுடையவர். இவ்விருவருமே ஆறாண்டுகள் என் ஆசிரியர்.

இனி, மக்களிடையே வழங்கும் தவறான எண்ணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

வீட்டிற் கற்போர்க்கு ஒழுங்கில்லை என்பது முதலாவது. எம் வீட்டில் மணியடிக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், விடியற்காலையிற் பாட்டனாருடன் தோட்டத்துக்குச் சென்று, இறைப்பு முடியுமுன் வாய்பாட்டை ஒப்பித்தல் வேண்டும். காலையுணவின்பின் தாயாரிடம் தமிழும் கணக்கும். மாலையில் வரலாறும் ஆங்கிலமும். இரவிற் கந்தபுராணம். யாழ்ப்பாணத்தில் அக்காலத்து மின்சாரமில்லை. மண்ணெண்ணெய்க்குப் பெருந் தட்டுப்பாடு. ஜாம் போத்தலினுள்ளே சிறிது பஞ்சும் எண்ணெயும் இட்டுத் திரி கொளுத்திய விளக்கே எமக்கு ஒளி தந்தது. அவ்வெண்ணெய் தீருமுன் அன்றைய பாடம் முடிதல் வேண்டும். அதனினும் கண்டிப்பான நேரசூசியை யான் பின்னர் எப்பள்ளியிலும் கண்டிலேன். கொப்பி வாங்கல் அரிதாகையாற் பழைய கணக்குப் புத்தகங்களின் வெற்றுப் பக்கங்களில் எழுதினேன். எழுதுமுன் வாக்கியத்தை வாயாற் சொல்லித் திருத்திக்கொள்ளுமாறு தாயார் பணிப்பார். இன்று என் மாணவர்க்கு யான் கூறும் அறிவுரையும் அதுவே.

கற்பிப்பவர் பயிற்சி பெறாதவராயின் கல்வி சிறவாது என்பது இரண்டாவது. யான் பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் உடையவன். அப்பயிற்சியின் அருமையை நன்கறிவேன். நாற்பது பிள்ளைகளை ஒருங்கே வைத்து, ஒருவரும் பின்தங்காதவாறு நடத்துதற்கு அப்பயிற்சி இன்றியமையாதது. ஒரு பிள்ளையை அருகில் இருத்திக் கற்பிப்பார்க்கு வேண்டப்படுவது வேறு. அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அதற்கு விளங்கிற்றோ விளங்கவில்லையோ என அறிந்துவிடுவார். என் தாயார்க்குப் பல பொருள்கள் தெரியா. தெரியாத இடம் வந்தால் மறைக்கமாட்டார். "எனக்குத் தெரியேல்லைத் தம்பி, வா, இரண்டு பேருமாத் தேடிப் பாப்பம்" என்பார். அகராதியைப் புரட்டுவோம், அயலிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியரிடஞ் சென்று கேட்போம். தெரியாததைத் தேடிக் காணும் முறையை யான் அங்ஙனமே கற்றேன். ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்டூவட் மில் (1806–1873) தம் தந்தையாரிடம் வீட்டிலேயே கற்றவர். மூன்று வயதிற் கிரேக்க மொழியைத் தொடங்கியவர். அக்காலத்துக் கிரேக்க அகராதிகள் இலத்தீனிற் பொருள் கூறின. சிறுவரோ இலத்தீன் அறியார். ஆகவே, இந்திய வரலாறு எழுதிக்கொண்டிருந்த தந்தையாருடன் ஒரே மேசையில் இருந்து, அறியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அவரிடமே பொருள் கேட்டார். தந்தையாரும் எழுத்தை நிறுத்தி நிறுத்தி விடையளித்தார். யான் மேலே கவனம் என்று கூறியது இதனையே.

வீட்டில் வளர்ந்த பிள்ளை உலகறியாது, தோழமை அறியாது என்பது மூன்றாவது. ஒரே வயதினர் நாற்பதின்மர் ஓரறையில் இருத்தல் பள்ளியிலன்றி வேறெங்கும் காணப்படுவதில்லை. வீட்டிலும் ஊரிலும் முதியோரும் இளையோரும் கலந்தே வாழ்கின்றனர். எம் வளவில் மூன்று குடும்பங்கள் இருந்தன. என்னினும் இளைய பிள்ளைகள் நால்வர்க்கு யானே எழுத்தறிவித்தேன். ஆசிரியத் தொழிலில் எனக்கு விருப்பம் பிறந்தது அங்கேயே. பாட்டனார் குத்தகைக்கு எடுத்த நான்கு பரப்புத் தறையில் வெங்காயம் விளைந்தபோது, அவருடன் சுன்னாகச் சந்தைக்குச் செல்வேன். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதையும், அந்தர்க் கணக்கைக் கிலோக் கணக்காக மாற்றுதலையும் அங்கே கற்றேன். அவற்றோடு, பேரம் பேசுவாரிடத்துச் சினவாது பேசுதலையும், கடன் கேட்பாரின் முகக்குறிப்பை அறிதலையுங் கற்றேன். இவை உலகறிவு அல்லவோ?

எனினும் ஒன்று கூறாதொழிதல் நடுவுநிலையாகாது. ஒத்த வயதினருடன் ஓடியாடி விளையாடும் இன்பத்தை ஆறாண்டுகள் யான் பெற்றிலேன். மில் அவர்களும் தமக்குச் சிறுவர் கூட்டுறவு வாய்க்காமையைத் தமது வாழ்க்கை வரலாற்றிற் குறித்துள்ளார். யான் இக்கல்லூரியிற் சேர்ந்த நாளிற் கிரிக்கெட் ஆட்டத்தில் எங்கே நிற்பதென்றும் அறியேன். ஆயின் அதனை ஒரு தவணைக்குள்ளே கற்றுக்கொண்டேன். அக்காலத்துத் தோழர் சிலர் இன்றும் என் உற்ற நண்பராய் உள்ளனர். காலந் தாழ்த்துக் கற்கத்தக்கன சில உள. விளையாட்டும் அவற்றுள் ஒன்று என்பது என் அனுபவம்.

வீட்டுக் கல்வி மேதைகட்கே ஏற்றது என்பது நான்காவது. மில்லையும் அவர்போல்வாரையும் எடுத்துக்காட்டி, "அவர் பிறவியிலேயே அறிஞர், ஏனையோர்க்கு ஆகாது" என்பர். யான் மேதையல்லேன், பரீட்சைகளில் இடைத்தரமான புள்ளிகளே பெற்றவன். என்போன்ற இடைத்தரத்தார்க்கும் அக்கல்வி பயன்பட்டது என்பதே இங்கே நோக்கத்தக்கது. மேலும் மில்லின் வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. அறிவை மட்டுமே வளர்த்து உணர்ச்சியைப் புறக்கணித்த அக்கல்வியின் விளைவாக, 1826 இல், தம் இருபதாம் வயதில், அவர் பெரிதும் மனஞ் சோர்ந்தார். வேர்ட்ஸ்வேர்த் என்னும் கவிஞரின் பாடல்களைப் படித்தே பின்னர் ஆறுதல் பெற்றார். பிள்ளையை மேதையாக்க வேண்டுமென்னும் பேராசை வீட்டிற் புகுந்தாலும் தீது. பள்ளியிற் புகுந்தாலும் தீது. இன்று ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கெனப் பத்து வயதுப் பிள்ளையைக் காலையும் மாலையும் தனியார் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், மில்லின் தந்தையாரைக் குறைகூறல் பொருந்துமோ?

வீட்டிற் கற்றார்க்குப் பத்திரமில்லை. ஆதலின் அவர் கற்றதை ஒப்புக்கொள்ளல் இயலாது என்பது ஐந்தாவது. பிள்ளைகளின் வாழ்வைப் பெரிதும் தாக்குவது இதுவே. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்களோடு யாமும் தென்மராட்சிக்குச் சென்று, 1996 சித்திரையில் மீண்டோம். என் நோயும் ஓரளவு தணிந்திருந்தமையால் தாயார் என்னைப் பள்ளியிற் சேர்க்க விழைந்தார். பெயர் கூற வேண்டாத ஒரு பாடசாலையில், விடுகைப் பத்திரம் மூன்றாம் ஆண்டோடு நிற்றலைக் காட்டி, நான்காம் ஆண்டிலன்றிச் சேர்த்துக்கொள்ளல் இயலாது என்றனர். பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருத்தல் வேண்டுமாம்! இதனின்மேற் படிப்பை விட்டு உழைப்புக்குச் செல்லுதலே தகும் என்று அக்காலத்துப் பலர் முடிவு செய்தனர். தாயார் சோர்வடையாது என்னை இக்கல்லூரிக்கு அழைத்துவந்தார். இங்கே முதிய ஆசிரியர் ஒருவர் பத்திரத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, என்னை விறாந்தையில் இருத்தி, அரைநாள் வினவினார். உரைநடைப் பகுதியொன்றைப் படிப்பித்துப் பொருள் கேட்டார். பின்னக் கணக்குக்கள் தந்தார். உலகப் படத்தில் நாடுகளைக் காட்டச் சொன்னார். ஏக்கருக்கு எத்தனை குழி என்று கேட்டபோது 288 என உடனே விடையிறுத்தேன். அவர் புன்முறுவல் செய்தார். முடிவில், "இவன் ஒன்பதாம் ஆண்டில் இருக்கலாம், விஞ்ஞானத்தை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்ளுவம்" என்றார். அவ்வரைநாட் கவனம் இல்லாதிருப்பின் இக்கட்டுரையை எழுதும் ஆசிரியன் இலன்.

அவர் கூறியவாறே விஞ்ஞானத்தில் யான் பின்தங்கியே இருந்தேன். சோதனைக் குழாயை முதன்முதற் கையிற் பிடித்தது இக்கல்லூரி ஆய்வுகூடத்திலேதான். ஆங்கில உச்சரிப்பும் அவ்வாறே. வீடு தரவியலாதன இவை. க.பொ.த. பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற அரசாங்கம் இடமளிக்கின்றது. ஆகவே பள்ளி செல்லாதார்க்குப் பரீட்சை வாயில் அடைபட்டதன்று. ஆயினும் ஆய்வுகூடமும், நூலகமும், பல்துறை ஆசிரியரும் ஒருங்கமைந்த கல்லூரிக்கு ஈடாக வீடொன்றை யான் கூறேன்.

இதனால், வீட்டுக் கல்வியைப் பாராட்டுவோர் பள்ளிக்குப் பகைவர் என்னும் ஆறாவது எண்ணமும் தானே வீழ்ந்தொழியும். இரவீந்திரநாத தாகூர் (1861–1941) இளமையிற் பள்ளிகள் சிலவற்றுக்குச் சென்றும் அவற்றிற் பொருந்தாது, பெரும்பாலும் வீட்டிலேயே கற்றவர். அவரே 1901 இற் சாந்திநிகேதனத்தில் மாணவர் ஐவரோடு ஒரு பள்ளியைத் தொடக்கினார். வீட்டிற் பெற்ற அன்பும் கவனமும் பள்ளியிலும் நிலவவேண்டும் என்பதை அவர் பள்ளி நடத்தியே காட்டினார். வீடும் பள்ளியும் ஒரு வண்டிக்குப் பூட்டிய இரு எருதுகள். ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றொன்றை அடித்தோட்டுதல் அறிவுடைமையாகாது.

இப்பொருளை இவ்விழாக் காலத்தில் எடுத்துரைத்தற்குக் காரணமுண்டு. 2020 பங்குனியிற் கொரோனாத் தொற்றால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் மீண்டும் மூடப்பட்டன. கைப்பேசியின்வழி பாடம் நடத்த முயன்றோம். கைப்பேசி இல்லாத வீடுகளை அது சென்றடையவில்லை. பள்ளிகள் மீளத் திறந்தபோது என் வகுப்பில் ஒன்று கண்டேன். தாயோ, பேரனோ, தமக்கையோ நாளுக்கு ஒரு மணி நேரமேனும் உடனிருந்து படிப்பித்த பிள்ளைகள், கைப்பேசி இல்லாதிருந்தும் முன்னேறியிருந்தனர். கைப்பேசியோடு தனித்து விடப்பட்ட பிள்ளைகளோ எழுத்தையும் மறந்திருந்தனர். வேறு சில பிள்ளைகள் மீண்டு வரவேயில்லை. அவர்களுட் சிலர் இன்று நாணத்தாலும் அச்சத்தாலும் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனர். நோயாலும், குடும்ப வறுமையாலும், ஊர் மாறியமையாலும் இடையிற் படிப்பு முறிந்தோர் ஒவ்வோராண்டும் உளர். அவர்களை "இடைவிலகியோர்" என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகின்றோம். இடையிலே அவர் கற்றவை யாவை என்று கேட்பாரிலர்.

ஆதலின் பழைய மாணவராகிய அன்பர்கட்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். ஒன்று, பள்ளி முறிந்து மீண்டு வரும் பிள்ளையைப் பத்திரத்தால் மட்டும் அளவாது, அரைநாள் இருத்தி வினவி, தக்க வகுப்பிற் சேர்க்கும் வழக்கத்தை நம் கல்லூரி என்றும் கைவிடாதிருக்கத் துணைநிற்பீர்களாக. அப்பிள்ளைக்குக் குறைபடும் பாடத்தை மாலை வேளையில் நிறைவு செய்தற்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் பலர் நம் சங்கத்திலேயே உளர். இரண்டு, விழாவின் நினைவாக எழுப்பக் கருதும் வளைவுகளுக்கும் தூண்களுக்கும் ஆகும் பணத்தில் ஒரு பங்கைச் சுற்றூர்களிலுள்ள சனசமூக நிலைய வாசிகசாலைகட்கு ஈவீர்களாக. நூலும் நல்ல விளக்கும் உள்ள வாசிகசாலை, படிப்பிக்க வல்லார் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வீடாகும். மூன்று, கொழும்பிலிருப்பினும் கடல்கடந்த நாடுகளில் இருப்பினும், நாடோறும் ஒரு மணி நேரம் நும் பிள்ளையின் அருகிலிருந்து, நீவிர் அறிந்ததைச் சொல்லியும் அறியாததை உடன்தேடியும் கற்பிப்பீர்களாக. பணங் கொடுத்து அனுப்பும் தனியார் வகுப்பு எதுவும் அவ்வொரு மணி நேரத்துக்கு ஈடாகாது.

இம்மூன்றும் பெரும் பொருட்செலவை வேண்டுவன அல்ல. சிறிது நேரத்தையும் பொறுமையையும் வேண்டுவன. பத்திரமின்றி வந்த பிள்ளைக்கு அரைநாளைக் கொடுத்த ஆசிரியரைப் பெற்றிருந்தது எங்கள் கல்லூரி. அத்தகைய ஆசிரியர் பலரை இனியும் பெற்று, வாயிலில் வந்து நிற்கும் பிள்ளை எவரையும் வெறுங்கையாய்த் திருப்பாது, பல்லாண்டு பல்லாண்டு சிறந்து விளங்குக.